மிட்சுகோ பழைய பாட்டில் தீரப்போகிறது: அந்தப் பாசி வாசத்துக்கு இப்போது எதை வாங்குவது?

மகிழம்பூ

கெர்லான் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் மிட்சுகோ வாசனைத் திரவியம், ஓ த துவாலெத் (செறிவு குறைந்த வகை). 90-களின் நடுவில் வந்த பாட்டில். அட்டைப்பெட்டியில் பார்கோடு இருக்கிறது. உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியல் இல்லை. இருட்டு அலமாரியில் இருந்ததால் வாசம் கெடவில்லை. மிச்சம் 7 மில்லிதான்.

இதே பெயரில் இப்போது விற்கும் ஓ த பர்ஃபமை (செறிவு கூடிய வகை) கடையில் அட்டைத்துண்டில் அடித்துப் பார்த்ததில் பீச் தெரிகிறது, பூ தெரிகிறது. பழைய பாட்டிலில் இரண்டு மணி நேரம் கழித்து எழும்பும் அந்த ஈரமான, லேசாகக் கசக்கிற மரப்பட்டை வாசம் மட்டும் வரவில்லை. எனக்கு வேண்டியதே அதுதான்.

மூன்று கேள்விகள். இப்போதைய மிட்சுகோவோடு சமாதானம் ஆகிவிடலாமா, வேறு பெயரில் இன்னும் நெருக்கமாக ஏதாவது உண்டா? ஏலத் தளங்களில் பழைய பாட்டில் வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது? வீட்டிலேயே ஏதாவது கலந்து அந்த அடிவாசத்தைக் கூட்ட முடியுமா? போடப்போவது சென்னை வெயிலில். தோல் ஒவ்வாமை இதுவரை இல்லை.

கற்பாசி

எது காணாமல் போனது என்று தெரிந்துகொண்டு தேடுங்கள். இல்லாவிட்டால் "மிட்சுகோ மாதிரியே" என்று யாரோ சொன்ன பத்துப் பாட்டிலை வாங்கிக் காசைக் கரைப்பீர்கள்.

மிட்சுகோ 1919-இல் ழாக் கெர்லான் செய்தது. அதன் எலும்புக்கூடு ஷீப்ர்: மேலே பெர்கமாட் என்ற எலுமிச்சை வகை, அடியில் லாப்டனம் பிசின், ஓக்மாஸ். பிரான்சுவா கோட்டி 1917-இல் 'ஷீப்ர்' என்ற பெயரில் ஒன்றை வெளியிட்டார், வகைக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. கெர்லான் அந்த எலும்புக்கூட்டின்மேல் பீச் பழத்தை ஏற்றினார். பீச்சைத் தருவது காமா-அண்டெகலாக்டோன். வாசனைத் தொழிலில் அதை இன்றும் 'ஆல்டிஹைடு சி-14' என்கிறார்கள். அது ஆல்டிஹைடும் கிடையாது, அதில் 14 கார்பனும் கிடையாது, பதினொன்றுதான். பொருள் வாங்கும்போது இந்தப் பெயர்க் குழப்பம் நினைவிருக்கட்டும்.

நீங்கள் தேடும் கசப்பு ஓக்மாஸிலிருந்து வருவது. 'மாஸ்' என்று பெயர் இருந்தாலும் அது பாசி அல்ல, லைக்கன். எவர்னியா புருனாஸ்ட்ரி என்ற இனம், ஓக் மரப்பட்டையில் வளர்வது. நம் செட்டிநாட்டு மசாலாவில் விழும் கல்பாசியும் லைக்கன்தான். இனம் வேறு, குடும்பச் சாயல் ஒன்று. ஒரு துண்டு கல்பாசியை எண்ணெய் இல்லாத வாணலியில் அரை நிமிடம் சூடுகாட்டி, அடுப்பை அணைத்துவிட்டு முகர்ந்து பாருங்கள். காய்ந்த மரம், நனைந்த சுவர், கொஞ்சம் எழுதும் மை. மிட்சுகோவின் அடித்தளம் எந்தத் திசையில் இருக்கிறது என்று மூக்குக்குப் பிடிபட்டுவிடும்.

சிக்கல் என்னவென்றால் ஓக்மாஸ் சாற்றில் அட்ரனோல், குளோரோஅட்ரனோல் என்று இரண்டு பொருள்கள் இருக்கின்றன. தோல் ஒவ்வாமையைத் தூண்டுவதில் மிக வீரியமானவை. வாசனைத் தொழிலின் சர்வதேச அமைப்பான ஐஎஃப்ஆர்ஏ முதலில் ஓக்மாஸ் அளவுக்கே வரம்பு போட்டது. தோலில் பூசும் வாசனைத் திரவியத்தில் 0.1 சதவீதம். பிறகு ஐரோப்பிய ஒன்றியம் அந்த இரண்டு பொருள்களையும் நேரடியாகத் தடைசெய்தது: 2019 ஆகஸ்டுக்குப் பின் புதிதாகச் சந்தைக்கு விடக் கூடாது, 2021 ஆகஸ்டுக்குப் பின் பழைய சரக்கையும் விற்கக் கூடாது. இப்போது புழங்குவது அட்ரனோல் நீக்கிய ஓக்மாஸ். ஒவ்வாமைப் பொருளோடு வாசத்தின் அடர்த்தியும் கொஞ்சம் போய்விடுகிறது. அந்தப் பள்ளத்தை வேறு பொருள்களால் நிரப்புகிறார்கள்.

அதனால் இப்போதைய மிட்சுகோ மோசம் என்று எழுதிவிடாதீர்கள். மெலிந்துபோனவை 2000-களின் பிற்பாதியில் வந்த பாட்டில்கள். தியரி வாஸர் பொறுப்பேற்ற பிறகு, 2013 வாக்கில், அடித்தளத்தைத் திரும்பக் கட்டினார். இன்று கிடைப்பது அந்த வழியில் வந்தது, நல்ல சரக்கு.

அட்டைத்துண்டில் முகர்ந்து தீர்ப்புச் சொன்னதுதான் தவறு. ஷீப்ர் வகை அட்டையில் பேசாது. லாப்டனமும் பாசியும் கனமான மூலக்கூறுகள், தோலின் சூட்டில்தான் மெல்லக் கிளம்பும். இடது முழங்கைக்கு உள்பக்கம் பழையது ஒரு சொட்டு, வலது பக்கம் புதியது ஒரு ஸ்ப்ரே. அடித்ததும் ஒருமுறை, 30 நிமிடத்தில் ஒருமுறை, 4 மணி நேரத்தில் ஒருமுறை முகருங்கள். நடுவில் காபிக்கொட்டையை முகர வேண்டாம், அதனால் மூக்கு 'சுத்தம்' ஆகாது. உங்கள் சட்டைக் கையை முகர்ந்தாலே போதும். நாலாவது மணி நேரத்தில்தான் இரண்டும் எவ்வளவு நெருங்கி வருகின்றன என்று தெரியும்.

சீசா_சேகரம்

கற்பாசி சார் சொன்ன கைச்சோதனையை முடிச்சுட்டு, அதுக்கப்புறமும் போதலைன்னா மேற்கொண்டு படிங்க அக்கா.

நோட்ஸ் பட்டியலை, அதாவது என்னென்ன வாசம் வரும்னு போடுற பட்டியலைப் பார்த்து மாற்று தேடாதீங்க. "பீச், மல்லிகை, ஓக்மாஸ்" னு மூணு வார்த்தை ஒத்துப்போனா ரெண்டும் ஒண்ணாயிடாது. அந்தப் பட்டியலை எழுதுறது விளம்பரப் பிரிவு, கலக்குறவர் இல்லை. மிட்சுகோவில் உங்களுக்கு எந்தத் துண்டு வேணும்? பழமா, பாசியா, மேலே தூவின மசாலாக் காரமா? எல்லாத்தையும் ஒரே பாட்டில்ல தர்ற மாற்று கிடையாது. ஒவ்வொண்ணும் ஒரு துண்டைத்தான் தரும்.

பழமும் காரமும்: ரோஷா ஃபாம். 1944, எட்மோன் ருட்னிட்ஸ்கா. பீச்சுக்குப் பதிலா பிளம், அதுவும் வேகவெச்ச பிளம். இப்போ கிடைக்கிறது 1989-ல ஒலிவியே கிரெஸ்ப் திருத்தினது. அதுல சீரகம் ஏத்திட்டாங்க. குளிர் நாட்டுல அது கதகதப்பு. சென்னை மே மாசத்துல, வியர்வையோட சேர்ந்தா, பக்கத்துல நிக்கிறவங்க ஒரு அடி தள்ளிப் போவாங்க. தோலில் போடாம துப்பட்டா ஓரத்துல ஒரு ஸ்ப்ரே அடிச்சா சீரகம் அடங்கி பிளம் நிக்கும். விலை குறைவு, அதனால முழு பாட்டில் வாங்கிச் சோதிச்சாலும் நஷ்டம் பெருசில்லை.

பாசியோட கனம்: கிளினிக் அரோமாட்டிக்ஸ் எலிக்சிர், 1971, பெர்னார்ட் ஷான். பழமே இல்லை. பச்சௌளி இலை, ரோஜா, கசப்பான மூலிகை. ஆனா அடியில் ஒரு இருட்டு இருக்கு பாருங்க, அதுல உங்க பழைய பாட்டிலோட உறவு தெரியும். கடைக் கவுன்டர்லயே கிடைக்கும். ஒரே ஒரு ஸ்ப்ரே, அதுவும் இடுப்புக்குக் கீழே. கழுத்துல ரெண்டு அடிச்சா லிஃப்டில் இருக்கிற எல்லாருக்கும் தலைவலி. இதைக் குறை சொல்றவங்கள்ல பாதிப் பேர் அளவு தெரியாம அடிச்சவங்க.

அந்த மிடுக்கு போதும், பாசி இல்லைன்னாலும் பரவாயில்லைன்னா: ஷனேல் 31 ரூ காம்போன், 2007, ழாக் போல்ஜ். ஓக்மாஸ் இல்லாமலே ஷீப்ர் கட்ட முடியும்னு காட்ட வந்தது. ஓரிஸ் வேர், மிளகு, பச்சௌளி, லாப்டனம். ரொம்ப அழகு, ரொம்பச் சுத்தம். நீங்க கேட்ட ஈரம் இதுல கிடையாது.

விலை பத்திக் கவலை இல்லைன்னா அமுவாஜ் ஜூபிலேஷன் 25-ஐப் பாருங்க. 2007, பெண்களுக்கான பாட்டில். ஆண்களுக்கு XXV னு ரோமன் எண்ல இன்னொண்ணு இருக்கு, மாத்தி வாங்கிடாதீங்க. பழம், ரோஜா, குங்கிலியப் புகை, அடியில் பழங்கால ஷீப்ர். இதுலயும் சீரகச் சாயல் உண்டு, ஆனா ஃபாம் அளவுக்கு முன்னால நிக்காது. நெருக்கத்துல என் கணக்குப்படி புது மிட்சுகோவுக்கு அடுத்த இடம் இதுக்குத்தான்.

ஃபிரெடெரிக் மால் வெளியிட்ட லெ பர்ஃபம் த தெரேஸ் இன்னொண்ணு. ருட்னிட்ஸ்கா தன் மனைவிக்காகச் செஞ்சு வெச்சிருந்தது, 2000-லதான் கடைக்கு வந்துச்சு. முலாம்பழம், பிளம், மல்லிகை, பதனிட்ட தோல் (லெதர்). வெயிலுக்கு இதைவிட ஏத்த ஷீப்ர் எனக்குத் தெரியலை. ஆனா இது மிட்சுகோவோட தங்கச்சி இல்லை, பக்கத்து வீட்டுப் பொண்ணு.

உண்மையான ஓக்மாஸ்தான் வேணும்னு பிடிவாதமா இருந்தா அமெரிக்காவில் ரோக் பர்ஃப்யூமரி னு சின்ன தயாரிப்பு இருக்கு, அவங்க ஷீப்ர்-சியாம். ஐஎஃப்ஆர்ஏ வரம்பைப் பின்பத்தாமத்தான் கலக்குறாங்க. பெர்கமாட் இடத்துல கஃபிர் எலுமிச்சை, அதனால ஆரம்பம் தாய்லாந்து சமையலறை மாதிரி இருக்கும். பீச் இல்லை. அரை மணி நேரம் பொறுத்தா அடியிலிருந்து பாசி திமிறிக்கிட்டு வரும். தோல்ல சின்ன சந்தேகம் இருந்தாலும் இதைத் துணியில மட்டும் போடுங்க.

வேண்டாத ஒண்ணையும் சொல்லிடறேன். 2000-க்கு அப்புறம் வந்த நிறைய பாட்டிலை 'மாடர்ன் ஷீப்ர்' னு வகைப்படுத்துவாங்க. ஷனேல் கோகோ மத்மோசெல் மாதிரி. அதெல்லாம் சுத்தம் செஞ்ச பச்சௌளியை வெச்சுக் கட்டினது. தன்னளவில் நல்ல சரக்குதான், ஆனா பாசி தேடிப் போறவங்களுக்கு வெறும் ஏமாத்தம்.

எதையும் முழு பாட்டில் வாங்காதீங்க (ஃபாம் தவிர). 2 மில்லி சாம்பிள் வாங்குங்க. 0.1 மில்லி ஸ்ப்ரே கணக்குல 20 தடவை வரும். ஒரு வாரம் தினமும் போட்டாலும் மிஞ்சும்.

ஸ்கார்பரோ_வாசம்

பழைய போத்தல் வாங்கிற விசயத்துக்கு நான் வாறன்.

வருசத்தைப் போத்தலில தேடாதேங்கோ, பெட்டியில தேடுங்கோ. உள்ளடக்கப் பட்டியலே இல்லாட்டி, அனேகமாக 90-களின்ர நடுப்பகுதியோ அதுக்கு முந்தியோ. உங்கட பெட்டி அப்பிடித்தான். பட்டியல் இருக்கு, ஆனால் அல்ககோல், தண்ணி, 'பர்ஃபம்' எண்டு இரண்டு மூண்டு சொல்லோட முடியுது எண்டால் 90-களின்ர கடைசியில இருந்து 2005 வரைக்கும். 2005-இல ஐரோப்பாவில 26 ஒவ்வாமைப் பொருளுகளைப் பேர் சொல்லி எழுதோணும் எண்டு சட்டம் வந்தது. லினலூல், லிமோனீன், எவர்னியா புருனாஸ்ட்ரி எண்டு நீளமாக இருந்தால் அதுக்குப் பிந்தினது. அந்த நீளப் பட்டியலில எவர்னியா ஃபுர்ஃபுரேசியா எண்டு மட்டும் இருந்தால் அது ஓக்மாஸ் இல்லை, மரமாஸ் எண்ட வேற லைக்கன். வாசம் இன்னும் பிசின்தன்மையாக, வரட்சியாக இருக்கும். உங்களுக்கு வேண்டியது அது இல்லை.

பேரையும் கவனியுங்கோ. 'பர்ஃபம் த துவாலெத்' எண்டு போட்டிருந்தால் 80-கள். அடர்த்தியானது, பாசியும் கூட. என்ர எண்ணத்தில காசு குடுக்கத் தகுந்தது அதுதான். பழைய ஓ த துவாலெத்தில பெர்கமாட்டும் பாசியும் முன்னுக்கு நிக்கும். ஓ த பர்ஃபமில பீச்சும் மாவுத்தன்மையும் கூட. நீங்கள் ஓ த துவாலெத்துக்குப் பழகின ஆள். புது ஓ த பர்ஃபமோட அதை ஒப்பிட்டதும் ஏமாற்றத்துக்கு ஒரு காரணம்.

படத்தில பாக்க வேண்டியது: திரவத்தின்ர மட்டம், நிறம், மூடி. தேன் நிறம் சரி. கோலா நிறம் எண்டால் வெயில் பட்டது. எக்ஸ்ட்ரேய் (ஆகச் செறிவான வகை) போத்தலில கண்ணாடி மூடியின்ர கழுத்தைச் சுத்தி மெல்லிய சவ்வும் நூலும் கட்டி இருக்கும். அது அறாமல் இருந்தால் திறக்கேல்லை எண்டு அர்த்தம். சவ்வு இருந்தும் மட்டம் தோளுக்குக் கீழ போயிருந்தால் அல்ககோல் பறந்து, மிச்சம் தடிச்சுப் போயிருக்கும். உதவாது எண்டில்லை, அடர்த்தி கூடும், ஆனால் மேல்வாசம் இல்லை. விக்கிற ஆளிட்டை பெட்டியின்ர அடிப்பக்கத்துப் படம் கேளுங்கோ. தராத ஆளிட்டை வாங்காதேங்கோ.

வந்து சேந்த போத்தல் முதல் பத்து நிமிசம் நெயில் பொலிஷ் ரிமூவர், வார்னிஷ் மாதிரி மணந்தால் பயப்பிடாதேங்கோ. பெர்கமாட்டும் மற்ற எலுமிச்சை எண்ணெயளும் ஒக்சிசன் பட்டுக் கெட்டது அது. அடித்தளம் உயிரோட இருக்கும். அரை மணித்தியாலம் கழிச்சும் வினாகிரியோ பழைய எண்ணெயோ மணந்தால் முடிஞ்சுது.

கண்ணாடி மூடி இறுகிப் போனால் முறுக்கி உடைக்க வேண்டாம். மூடியும் கழுத்தும் சேருற இடத்தில இரண்டு சொட்டு அல்ககோல் விட்டு ஒரு இரவு விடுங்கோ. அடுத்த நாள் மிதமான சூட்டுத் தண்ணியில நனைச்ச துணியை கழுத்தில மட்டும், மூடியில படாமல், ஒரு நிமிசம் சுத்துங்கோ. கழுத்து விரியும், மூடி விரியாது. பிறகு மரக்கரண்டிக் காம்பால மூடியின்ர பக்கத்தில மெல்லத் தட்டித் திருப்புங்கோ. கொதிதண்ணி ஊத்தினால் பழைய கண்ணாடி கீறிவிடும்.

ஒண்டு மறக்காதேங்கோ: வாசனைத் திரவியம் தீப்பற்றும் சரக்கு, விமானத் தபாலில கட்டுப்பாடு உண்டு. சொல்லாமல் அனுப்பினால் சுங்கத்தில மறிப்பாங்கள். நாட்டுக்குள்ளயே விக்கிற ஆளைத் தேடுறது நல்லது.

நெல்லை_தராசு

மூன்றாவது கேள்விக்குப் பதில். இரண்டு வழி இருக்கிறது, சின்னது, பெரியது. இரண்டுக்கும் 0.01 கிராம் காட்டும் தராசு கட்டாயம். சொட்டுக் கணக்கு வேண்டாம்: பச்சௌளிச் சொட்டும் பெர்கமாட் சொட்டும் ஒரே எடை கிடையாது.

சின்ன வழி: இப்போதைய மிட்சுகோவுக்கு அடியில் கனம் கூட்டுவது. தேவை எவர்னில். ஓக்மாஸ் வாசத்தின் நடுப்பகுதியைத் தரும் செயற்கைப் பொருள், சில கடைகளில் வெராமாஸ் என்ற பெயரில் வரும். வெள்ளைப் படிகத் தூள். இதில் அட்ரனோல் கிடையாது. 1 கிராம் எவர்னிலை 9 கிராம் பர்ஃப்யூமர்ஸ் ஆல்கஹாலில் போட்டு, மூடி, சூடான தண்ணீர் உள்ள கிண்ணத்தில் பாட்டிலை வைத்து அசைத்தால் கரையும். அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். இது 10 சதவீதக் கரைசல். தனிச் சின்ன பாட்டிலில் மிட்சுகோ ஓ த பர்ஃபம் 10 மில்லி எடுத்து, கரைசலில் 0.20 கிராம், 10 சதவீதமாகக் கரைத்த பச்சௌளி எண்ணெயில் 0.05 கிராம் சேருங்கள். இரண்டு வாரம் இருட்டில் வையுங்கள். முதல் நாள் முகர்ந்துவிட்டு "ஒன்றும் ஆகவில்லை" என்று இன்னும் ஊற்றுவதுதான் வழக்கமான தவறு. எவர்னில் மெதுவாகத்தான் தலைகாட்டும். அதிகமானால் எல்லாம் சேர்ந்து தூசி படிந்த பழைய அலமாரி மாதிரி மந்தமாகிவிடும்.

இதில் ஓக்மாஸ் சாறு சேர்க்க வேண்டாம். பாட்டிலுக்குள் ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. மேலே ஊற்றினால் வரம்பு எங்கே தாண்டியது என்றே தெரியாது.

பெரிய வழி: முழு ஷீப்ரையும் நாமே கட்டுவது. மிட்சுகோவின் நகல் வராது, அந்தத் திசையில் ஒரு பழம்-பாசி ஷீப்ர் வரும். 10 கிராம் செறிவுக்கு (எல்லாம் கிராமில்):

பெர்கமாட் எண்ணெய் (பெர்காப்டென் நீக்கியது) 2.50
ஹெடியோன் 1.80
எத்திலீன் பிராசிலேட் 1.50
மெத்தில் அயனோன் 1.20
பச்சௌளி எண்ணெய் 0.60
ஃபினைல் எத்தில் ஆல்கஹால் 0.55
வெட்டிவெரில் அசிடேட் 0.50
ஓக்மாஸ் அப்சொலூட் (செறிவான சாறு), அட்ரனோல் குறைத்தது, 10 சதவீதக் கரைசல் 0.50
லாப்டனம் அப்சொலூட் 0.30
எவர்னில் தூள் 0.30
காமா-அண்டெகலாக்டோன் 0.15
யூஜினோல் 0.10

கூட்டிப் பார்த்தால் 10.00. இதை 56.7 கிராம் ஆல்கஹாலில் சேர்த்தால் 15 சதவீதம். அப்போது மொத்தத்தில் ஓக்மாஸ் 0.075 சதவீதம், வரம்புக்குள். பெர்காப்டென் நீக்காத பெர்கமாட் போட்டு வெயிலில் போனால் தோலில் கருந்திட்டு விழும், அதில் விளையாட வேண்டாம். வெட்டிவெரில் அசிடேட்டுக்கும் வரம்பு உண்டு, 0.50-ஐ ஏற்றாதீர்கள். (வெட்டிவேர் என்ற நம் சொல்தான் உலகம் முழுக்க இந்த வாசத்துக்குப் பெயர்.)

வரிசை முக்கியம். லாப்டனம் தார் மாதிரி ஒட்டும். அதை முதலில் எடைபோட்டு, அதன்மேல் ஃபினைல் எத்தில் ஆல்கஹால், ஹெடியோன் ஊற்றிச் சூடுதண்ணீர்க் கிண்ணத்தில் வைத்துக் கரையுங்கள். எவர்னில் அடுத்து, அதே இளஞ்சூட்டில். பிறகு மற்றவை. பெர்கமாட் கடைசியில், ஆறிய பிறகு. சூட்டில் ஊற்றினால் அதன் பளிச்சென்ற பகுதி பறந்துவிடும். செறிவை ஒரு வாரம் ஊறவிட்டு ஆல்கஹாலில் சேர்த்து, இன்னும் நான்கு வாரம். கடைசி இரண்டு நாள் ஃபிரிட்ஜில் வைத்து, குளிரோடு காபி வடிதாளில் வடியுங்கள். மெழுகுப்படிவு தாளில் நிற்கும். வடித்தபின்பும் கலங்கலாக இருந்தால் ஆல்கஹாலில் தண்ணீர் அதிகம்.

எங்கே கெடும்? காமா-அண்டெகலாக்டோனில். 0.15 என்பது சில சொட்டு. கை தவறி 0.30 ஆகிவிட்டால் டின்னில் அடைத்த பீச், அதன்பிறகு ஷாம்பூ. 10 சதவீதமாகக் கரைத்து 1.50 கிராம் போடுவது பாதுகாப்பு. அப்படியென்றால் ஆல்கஹாலில் 1.35 கிராம் குறைத்துக்கொள்ளுங்கள். யூஜினோல் கிராம்பின் காரம். அதைக் கூட்டினால் பல்வலி மருந்து வாசம்தான் மிஞ்சும். மருந்துக்கடை சர்ஜிகல் ஸ்பிரிட், ஐசோபுரோப்பில் இரண்டும் வேண்டாம், அவற்றின் சொந்த வாசம் போகாது.

முழங்கை உள்பக்கம் ஒரு சொட்டு, 48 மணி நேரம் காத்திருப்பு. சிவந்தாலோ அரித்தாலோ துணியோடு நிறுத்துங்கள். பட்டுப்புடவையில் மட்டும் வேண்டாம். ஓக்மாஸும் லாப்டனமும் பழுப்புக் கறை விடும், போகாது.

மகிழம்பூ

நன்றி எல்லோருக்கும். கைச்சோதனை முடித்தேன். சார் சொன்னது சரி: நாலாவது மணி நேரத்தில் புதியதும் பழையதும் அக்கா தங்கை மாதிரி ஆகிவிட்டன. ஆரம்பத்தில்தான் தூரம். புதிய ஓ த பர்ஃபமும் சாம்பிளாக ஜூபிலேஷன் 25-உம் எடுக்கிறேன், தராசு அண்ணன் சொன்ன எவர்னிலையும் பார்க்கிறேன்.

ஒரு சந்தேகம். கல்பாசியைச் சூடுகாட்டியதும் வீடே மணத்துவிட்டது. அதை நேரடியாக ஆல்கஹாலில் ஊறவைத்து ஓக்மாஸுக்குப் பதிலாகப் போடலாமா? அந்த 7 மில்லியை எப்படி வைத்துக்கொள்வது?

கற்பாசி

தோலில் வேண்டாம். கல்பாசியில் அட்ரனோரின் இருக்கிறது. ஆல்கஹாலில் ஊறும்போது அது சிதைந்து அட்ரனோல் உண்டாகும். ஐரோப்பாவில் காசு செலவழித்து நீக்குகிற அதே பொருளை வீட்டில் நாமே தயாரிக்கிற கதையாகிவிடும். மசாலாவில் போடும் அளவுக்கும் தோலில் தேய்த்து வெயிலில் நிற்பதற்கும் சம்பந்தமில்லை. ஆசையிருந்தால் 5 கிராம் கல்பாசியைத் தூசு தட்டி, 50 மில்லி ஆல்கஹாலில் மூன்று வாரம் ஊறவைத்து, வடித்து, அலமாரித் துணிப்பைக்கு மட்டும் வையுங்கள். மண்ணும் சேர்ந்து ஊறினால் புழுதிதான் மணக்கும், நன்றாகத் தட்டிவிடுங்கள்.

7 மில்லிக்கு எதிரிகள் மூன்று: காற்று, வெளிச்சம், சூடு. பெரிய பாட்டிலின் அடியில் அது கிடக்கும்போது மேலே முழுக்கக் காற்று. பழுப்புக் கண்ணாடிச் சிமிழ்கள் 5 மில்லிக்கு ஒன்று, 2 மில்லிக்கு ஒன்று வாங்குங்கள், பிளாஸ்டிக் கூடாது. ஸ்ப்ரே பாட்டிலாக இருந்தால் மூக்குக்குழாயைக் கழற்ற முயற்சிக்காமல், சிமிழின் வாயில் வைத்து அழுத்தி அழுத்தி நிரப்புங்கள். நாலில் ஒரு பங்கு தெறித்து வீணாகாமல் இருக்க ஒரு சின்னக் கண்ணாடிப் புனல் பிடித்துக்கொள்ளுங்கள். விளிம்பு வரை நிரப்பி, இறுக்கி மூடி, மூடியைச் சுற்றி டெஃப்லான் நாடா இரண்டு சுற்று. வெர்சாய்ல் நகரின் ஓஸ்மோதெக் காப்பகத்தில் பழைய வாசனைகளை 12 டிகிரியில், ஆர்கான் வாயு போட்டு வைக்கிறார்கள். நமக்கு ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டு போதும், மூடிய டப்பாவுக்குள். கதவுப் பக்கம் வேண்டாம், திறக்கும்போதெல்லாம் சூடு ஏறி இறங்கும்.

5 மில்லியைத் தொடாமல் ஒப்பிடும் சரக்காக வைத்துக்கொள்ளுங்கள். 2 மில்லியைப் போட்டுத் தீர்த்துவிடுங்கள்.